ஆட்டப்பொறி எமுலேட்டர்களும் அவற்றின் உபரி வசதிகளும்: ஒரு திறனாய்வு

ஐம்பத்தைந்து பகைவர்கள் ஐந்து வரிசைகளில் அணிவகுத்து நிற்கிறார்கள். வரிசைக்குப் பதினொருவர். இடமும் வலமுமாக நகர்ந்து, திரையின் ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்குகிறார்கள். நீங்கள் சுடச் சுட அவர்களுடைய எண்ணிக்கை குறைகிறது. எஞ்சியவர்களின் வேகமோ கூடுகிறது. கடைசியாக நிற்கும் ஒருவன் திரையின் குறுக்கே பாய்ந்தோடுகிறான். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டம் இது. காசு போட்டு ஆடும் பொறி. இதை வடிவமைத்தவர் டொமோஹிரோ நிஷிகாடோ.

பகைவர்களின் வேகம் ஏன் கூடுகிறது? கடைசி வீரனுக்குக் கோபம் வந்துவிட்டது என்று ஆடுபவர்கள் நினைத்திருக்கலாம். உண்மைக் காரணம் வேறு. பொறிக்குள் இருந்த இன்டெல் 8080 நுண்செயலியால் ஒரு படச்சட்டத்துக்கு ஒரு பகைவனை மட்டுமே நகர்த்தி வரைய முடிந்தது. நொடிக்கு ஏறத்தாழ 60 படச்சட்டங்கள். ஆகவே 55 பேரையும் ஒரு முறை நகர்த்த 55/60 நொடி, அதாவது 0.92 நொடி ஆயிற்று. பத்துப் பேர் மட்டும் எஞ்சினால் நொடியில் ஆறில் ஒரு பங்கு போதும். ஒருவனே இருந்தால் அவன் ஒவ்வொரு படச்சட்டத்திலும் நகர்வான். நுண்செயலியின் இயலாமையே ஆட்டத்தின் சுவையாகிவிட்டது. அதைக் கண்ட நிஷிகாடோ திருத்தாமல் அப்படியே விட்டுவைத்தார்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எமுலேட்டர் என்னும் மென்பொருளை எடைபோட இதுவே நமக்குத் தராசு.

ஒரு கணிப்பொறியை வேறொரு பொறியாக நடிக்கச் செய்யும் மென்பொருளே எமுலேட்டர். பழைய பொறியின் ரோம் சில்லுகளில் பதிந்திருந்த ஆணைகளைப் படித்து ஒரு கோப்பாக்கிக்கொள்கிறார்கள். எமுலேட்டர் அந்த ஆணைகளை ஒவ்வொன்றாக எடுத்து, 'இன்டெல் 8080 இருந்திருந்தால் இந்த இடத்தில் என்ன செய்திருக்கும்?' என்று பார்த்து அதையே செய்கிறது. நாடகத்தில் ராஜா வேடம் போடுபவரின் கிரீடம் தகரமாக இருக்கலாம். ஆனால் வசனம் மாறக் கூடாது, வரவேண்டிய நேரத்தில் மேடைக்கு வர வேண்டும். இத்தகைய மென்பொருள்களில் பெயர்பெற்றது 'மேம்'. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரி 5ஆம் நாள் இதன் முதல் பதிப்பை வெளியிட்டார். பின்னர் பலருடைய கூட்டு உழைப்பால் பல்லாயிரம் பொறிகளை நடிக்கும் ஆற்றலை அது பெற்றது. 2016 முதல் முழுமையான திறந்த மூல மென்பொருளாகவும் கிடைக்கிறது. பழைய பொறிகள் எப்படி இயங்கின என்பதைப் பதிவு செய்வதே தங்கள் நோக்கம் என்றும், ஆட்டங்களை ஆட முடிவது அதன் இனிய பக்கவிளைவு என்றும் இதனை உருவாக்கியவர்கள் கூறுகிறார்கள்.

பக்கவிளைவையே நாடி வருகிறவர்கள்தாம் மிகுதி என்று சொல்லத் தேவையில்லை. அவர்களுக்காக மேமிலும், ரெட்ரோஆர்க் போன்ற பிற மென்பொருள்களிலும் உபரி வசதிகள் குவிந்திருக்கின்றன. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திப் பின்னர் தொடரலாம். அழுகுணி ஆட்டம் ஆடலாம். படத்தை மெருகேற்றலாம். அதிக மதிப்பெண்ணைச் சேமிக்கலாம். இவை அனைத்தையும் 'வசதி' என்ற ஒரே பெயரில், ஒரே பட்டியலில், ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கியிருப்பதுதான் என் முதல் குறை. இவற்றுள் சில இழந்த உறுப்பைப் பொறிக்குத் திருப்பித் தருகின்றன. சில பொறியைத் திறந்து காட்டுகின்றன. சில பொறியைச் சத்தமில்லாமல் வேறொன்றாக மாற்றிவிடுகின்றன. எது எந்த வகை என்பதைப் பட்டியல் சொல்வதில்லை.

திருப்பித் தரும் வகைக்கு ஓவியக் கோப்புகள் நல்ல எடுத்துக்காட்டு. முதல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பொறியில் இருந்தது கறுப்பு வெள்ளைத் திரை. அதன்மேல் வண்ணத் தாள்களை ஒட்டியிருந்தார்கள். கீழே பச்சைப் பட்டை. ஆகவே உங்கள் பீரங்கி பச்சை. மேலே சிவப்புப் பட்டை. ஆகவே அங்கே பறந்து செல்லும் மர்மக் கலம் சிவப்பு. சில பெட்டிகளில் இன்னும் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். திரை கண்ணுக்கு நேரே இராது. கண்ணாடியில் எதிரொளித்த பிம்பம், பின்னால் தீட்டி வைத்த நிலவுக் காட்சியின்மேல் மிதப்பதாகத் தோன்றும். இவற்றுள் எதுவும் ரோம் சில்லில் இல்லை. ரோமை மட்டும் இயக்கினால் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகளே கிடைக்கும். ஆகையால் வண்ணப் பட்டைகளையும் நிலவுப் படத்தையும் சேர்க்கும் கோப்பை 'உபரி' என்பதே தவறு. அது இல்லாத ஸ்பேஸ் இன்வேடர்ஸ் அரைகுறையானது. 1980இல் வந்த 'பேட்டில்ஸோன்' ஆட்டத்துக்கும் இதே விதி பொருந்தும். அதன் மேற்பகுதியில் சிவப்பும் மற்ற இடத்தில் பச்சையும் தெரிந்ததற்கு வண்ணத் தகடே காரணம்.

ஒலியின் கதையும் இதுவே. பழைய பொறிகள் பலவற்றில் வெடிச்சத்தமும் காலடிச் சத்தமும் ஆணைகளால் பிறந்தவை அல்ல. மின்தடை, மின்தேக்கி, டிரான்சிஸ்டர் ஆகியவற்றால் ஆன சுற்றுகளில் பிறந்தவை. அவற்றை எமுலேட்டரால் 'படிக்க' முடியாது. எனவே பல ஆண்டுகள் மேம் அசல் பொறியிலிருந்து பதிவு செய்த ஒலித்துண்டுகளைக் கொண்டு ஒப்பேற்றியது. 'சாம்பிள்ஸ்' என்ற அடைவில் அந்தக் கோப்பை வைக்காவிட்டால் ஆட்டம் ஊமையாக ஓடும். பின்னர், 1981இல் வந்த 'டாங்கி காங்' போன்ற ஆட்டங்களுக்குச் சுற்றையே கணக்கிட்டு ஒலியை உண்டாக்கும் முறை வந்தது. மின்தேக்கி எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்று இயற்பியல் பாடத்தில் கணக்குப் போடுகிறீர்களே, அதே கணக்குத்தான். நொடிக்குப் பல்லாயிரம் முறை போடப்படுகிறது. 1972இல் வந்த 'பாங்' ஆட்டத்தில் நுண்செயலியும் இல்லை, ஆணைத்தொடரும் இல்லை. முழுக்க முழுக்க தருக்கச் சில்லுகளின் பின்னல் அது. ஆகவே அந்தச் சுற்று முழுவதையும் கணக்கிட்டே மேம் அதனை நடிக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: எட்டு ஆண்டுகள் பிந்தி வந்த பாக்-மேனைவிட, இரண்டு மட்டைகளும் ஒரு பந்தும் மட்டுமே கொண்ட பாங் உங்கள் கணிப்பொறிக்கு அதிகப் பளு தருகிறது.

சத்தமில்லாமல் மாற்றும் வகைக்கு வருவோம். மெருகேற்றும் வசதிகளைப் பற்றி ஆர்வலர்கள் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். இக்காலத் தட்டைத் திரையில் பழைய ஆட்டத்தின் புள்ளிகள் சதுரம் சதுரமாக, கத்தியால் வெட்டியது போல் தெரியும். பழைய படக்குழாயில் அப்படித் தெரியவில்லை. எலெக்ட்ரான் கற்றை வரிவரியாக ஓடியது. புள்ளிகள் ஒன்றோடொன்று சற்றே கசிந்து கலந்தன. அக்கால ஓவியர்கள் அந்தக் கசிவை எண்ணியே வரைந்தார்கள். எனவே படக்குழாயின் தன்மையைக் கணக்கிட்டுக் காட்டும் வடிகட்டிகளை வரவேற்கலாம். ஆனால் நடப்பது என்ன? வளைந்த கண்ணாடி, கனத்த கறுப்பு வரிகள், விளிம்பில் மங்கல் என எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்து, பழுதான தொலைக்காட்சிப் பெட்டியைப் 'பழமை' என்று கொண்டாடுகிறார்கள். புள்ளிகளை உருக்கி வழவழப்பான கோடுகளாக்கும் வடிகட்டிகளும் உண்டு. அப்படி ஒரு படம் எந்தப் பொறியிலும் என்றும் தெரிந்ததில்லை. 1979இல் வந்த 'அஸ்டராய்ட்ஸ்' பொறியில் புள்ளிகளே கிடையாது. எலெக்ட்ரான் கற்றை நேரடியாகக் கோடுகளை வரைந்தது. சுடும் குண்டு ஒரே இடத்தில் குவிந்து கண்கூசும் ஒளியுடன் பறந்தது. மேமில் கற்றையின் தடிமனைக் கூட்டிக் குறைக்க முடியும். அந்த ஒளியை மட்டும் சாதாரணத் தட்டைத் திரையில் கொண்டுவர முடியாது.

படத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வேகம். 1980இல் நாம்கோ வெளியிட்ட பாக்-மேன் நொடிக்கு 60.6 படச்சட்டங்கள் காட்டியது. உங்கள் திரை பெரும்பாலும் 60 காட்டும். 1987இல் வந்த 'ஆர்-டைப்' 55 மட்டுமே காட்டியது. எண்கள் ஒத்துப்போகாதபோது படம் அவ்வப்போது திக்கும். இதைப் போக்க, ஆட்டத்தின் வேகத்தைத் திரையின் வேகத்தோடு பிணைக்கும் வசதி ஒன்று உண்டு. அதை இயக்கியதும் படம் எண்ணெய் போல வழுக்கி ஓடும். ஆனால் பாக்-மேன் நூற்றுக்கு ஒரு பங்கு மெதுவாகிவிடும். அது கண்ணுக்குத் தெரியாது. ஆர்-டைப் நூற்றுக்கு ஒன்பது பங்கு விரைவாகிவிடும். அது வேறு ஆட்டம். 'இந்த ஆட்டம் இவ்வளவு கடினமா!' என்று நீங்கள் வியந்தால் அந்தக் கடினம் ஆட்டத்தினுடையதன்று, உங்கள் திரையினுடையது. படச்சட்டங்களைத் தாண்டிச் செல்லும் வசதியும் இப்படித்தான். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் கடைசிப் பகைவன் ஒவ்வொரு சட்டத்திலும் நகர்கிறான் என்று பார்த்தோம். இரண்டில் ஒரு சட்டத்தை மறைத்தால் அவன் ஓடமாட்டான், தாவுவான். பழைய கணிப்பொறி திணறினாலொழிய இவ்விரண்டையும் தொடாதீர்கள். மேமின் ஆவணங்களில் ஒவ்வொரு வசதியும் என்ன செய்யும் என்ற விளக்கம் உண்டு. எப்போது பயன்படுத்தக் கூடாது என்ற விளக்கத்தையும் சேர்த்திருக்க வேண்டும்.

இனி, எல்லாரும் இகழும் அழுகுணி ஆட்டத்துக்கு வருவோம். மாணவர்களுக்கு இதுவே மிகப் பயனுள்ள வசதி என்பேன்.

இது வேலை செய்யும் விதம் எளியது. மீதமுள்ள உயிர்களின் எண்ணிக்கை நினைவகத்தில் ஏதோ ஓர் அறையில் இருக்கும். ஒவ்வொரு படச்சட்டத்திலும் அந்த அறையில் 3 என்று எழுதிக்கொண்டே இருந்தால் உங்களுக்குச் சாவே இல்லை. எந்த ஆட்டத்துக்கு எந்த அறை என்ற பட்டியல் ஒரு தனிக் கோப்பு, மேமுடன் வருவதில்லை. அதனை மேம் இருக்கும் அடைவில் வைத்து, அமைப்புக் கோப்பில் 'சீட்' என்ற வரியின் எதிரே 0 என்றிருப்பதை 1 என்று மாற்ற வேண்டும். பிறகு ஆட்டத்தின் நடுவே 'டேப்' விசையை அழுத்தினால் பட்டியலில் அது தெரியும். (பலர் தடுக்கி விழும் ஓர் இடம்: ரோம் கோப்புகளைச் சுருக்கிய நிலையிலேயே வைக்கலாம், விரிக்க வேண்டியதில்லை. மேமின் பதிப்புக்கு ஏற்ற ரோம் தொகுப்பாக மட்டும் இருக்க வேண்டும்.)

ஆயினும் பிறர் கண்டுபிடித்த பட்டியலை விட்டுவிட்டு, நீங்களே தேடிப் பாருங்கள். அதற்கும் மேமில் ஒரு கருவி உண்டு. ஸ்பேஸ் இன்வேடர்ஸின் மாறும் நினைவகம் 8 கிலோபைட். திரையில் 256 × 224 புள்ளிகள். எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் என்றால் 7,168 பைட், அதாவது 7 கிலோபைட் திரைக்கே போய்விட்டது. ஆட்டம் முழுவதையும் நடத்த எஞ்சியது 1,024 அறைகளே. ஆட்டம் தொடங்கும்போது 55 என்றிருக்கும் அறைகளைத் தேடச் சொல்லுங்கள். ஒரு பகைவனைச் சுடுங்கள். இப்போது 54 ஆன அறைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சில முறை இப்படிச் செய்தால் பகைவர்களின் எண்ணிக்கையைத் தாங்கிய அறை கையில் அகப்படும். நினைவகம், முகவரி, மாறி என்று பாடநூலில் படித்த சொற்கள் உங்கள் கண் முன்னே அசைவதை அப்போது காண்பீர்கள்.

பொறிகளைச் செய்தவர்களே இத்தகைய வழிகளை வைத்திருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பாக்-மேன் பலகையில் சிறு சுவிட்சுகள் இருந்தன. கடைக்காரர் அவற்றைத் தள்ளி, ஒரு காசுக்கு 1, 2, 3 அல்லது 5 உயிர்கள் என்று வைக்கலாம். மேமின் பட்டியலில் அதே சுவிட்சுகளைக் காணலாம். அடுத்த கட்டத்துக்குத் தாவச் செய்யும் சோதனை வழியும் அங்கே உண்டு. அதை இயக்கிவிட்டுப் பொறுமையாக 256ஆம் கட்டம் வரை சென்று பாருங்கள். திரையின் வலப் பாதி எழுத்தும் எண்ணுமாகச் சிதறிக் கிடக்கும். கட்ட எண்ணுக்கு ஒதுக்கியது ஒரே பைட். அதில் 255 வரைதான் எழுத முடியும். அதனோடு ஒன்றைக் கூட்டினால் 0. எத்தனை பழப்படங்கள் வரைவது என்று கணக்கிடும் பகுதி அந்த 0ஐக் கண்டு குழம்பி, 256 படங்களை வரையப் புறப்பட்டு, திரையின் மேலேயே எழுதித் தள்ளுகிறது. டாங்கி காங்கின் 22ஆம் மட்டத்திலும் இதே நோய்தான். மட்ட எண்ணைப் பத்தால் பெருக்கி 40 கூட்டினால் 260. ஒரு பைட்டில் அது 4 ஆகிவிடுகிறது. அந்த 4 தரும் நேரத்தில் மட்டத்தை முடிக்க ஆட்டக்காரருக்குச் சில நொடிகளே கிடைக்கும், ஆள் செத்துவிடுகிறான். நேர்மையாக ஆடி இவற்றைக் காண ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும்.

நிலைப்பதிவு என்பது இதன் உடன்பிறப்பு. ஒரு கணத்தில் நினைவகத்தின் எல்லா அறைகளையும் நுண்செயலியின் உள்நிலையையும் ஒரு கோப்பில் எழுதி வைத்து, வேண்டும்போது அந்தக் கணத்துக்கே திரும்புவது. சில பொறிகளுக்கு இது இன்னும் முழுமையாக வேலை செய்யாது என்றால் மேம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. பாராட்ட வேண்டிய பண்பு. ரெட்ரோஆர்க்கில் 2018இல் வந்த 'முன்னோட்டம்' என்னும் வசதி இந்த நிலைப்பதிவின் மேல் கட்டியது. நீங்கள் விசையை அழுத்தியதும் மென்பொருள் ஓரிரு சட்டங்களை மறைவாக ஓட்டிப் பார்த்து, அதன் விளைவை உடனே காட்டிவிடுகிறது. கணிப்பொறியும் திரையும் உண்டாக்கும் தாமதத்தை ஈடுகட்ட இது நல்ல உத்தி. அளவு மீறினால் அசல் பொறியிலேயே இருந்த தாமதமும் அழிந்து, எந்தக் கடையிலும் இருந்திராத சுறுசுறுப்பான பொறி ஒன்று உங்கள் மேசையில் வந்துவிடும். இணையம் வழியே இருவர் மோதும் ஆட்டங்களில் டோனி கேனன் உருவாக்கிய பின்வாங்கும் முறையும் நிலைப்பதிவையே நம்பியிருக்கிறது. எதிராளியின் அடுத்த அசைவை ஊகித்து ஆட்டம் ஓடுகிறது. ஊகம் தவறினால் பழைய நிலைக்குத் திரும்பித் திருத்திக்கொள்கிறது.

இவ்வளவு வலிமையான கருவிகளால் என்ன ஆபத்து? அழுகுணி ஆடி எடுத்த மதிப்பெண்ணும் உழைத்து எடுத்த மதிப்பெண்ணும் திரையில் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. 2018 ஏப்ரலில் மதிப்பெண் பதிவேடு நடத்தும் ட்வின் காலக்ஸீஸ் என்னும் அமெரிக்க அமைப்பு, டாங்கி காங்கில் புகழ்பெற்ற ஓர் ஆட்டக்காரரின் பதிவுகளை நீக்கியது. சான்றாகத் தந்திருந்த ஒளிப்பதிவுகளில் இரண்டு, மாற்றப்படாத அசல் பொறியில் உருவானவை அல்ல என்பது அதன் முடிவு. ஒரு மட்டம் முடிந்து அடுத்த மட்டம் திரையில் தோன்றும் அந்தச் சில சட்டங்களில், அசல் பொறி ஒரு விதமாகவும் பழைய மேம் பதிப்புகள் வேறு விதமாகவும் படத்தை வரைந்தன. வாதம் அதைச் சுற்றியே நடந்தது. ஆட்டக்காரர் மறுத்தார், வழக்கும் தொடுத்தார். 2024இல் சமரசமாகி, அவருடைய மதிப்பெண்கள் வரலாற்றுப் பட்டியலில் மீண்டும் இடம்பெற்றன. யார் பக்கம் நியாயம் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. நொடியில் சிறு பங்கு நேரம் தோன்றி மறையும் ஒரு படம் நீதிமன்றம் வரை போகும் அளவுக்கு முக்கியமாயிற்று என்பதைக் கவனியுங்கள். போட்டிக்காக அழுகுணி வசதிகளை நீக்கிய 'உல்ஃப்மேம்' என்ற தனிப் பதிப்பு தோன்றியதும் இந்தக் கவலையால்தான்.

இதற்கு நேர்மாறாக, அப்பாவியாகத் தோன்றும் ஒரு வசதியையும் சொல்ல வேண்டும்: மதிப்பெண் சேமிப்பு. பாக்-மேன், டாங்கி காங், ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆகிய பொறிகளில் மின்சாரம் நின்றால் அதிக மதிப்பெண் அழிந்துவிடும். நேற்றைய வீரனின் பெருமை காலையில் கடை திறக்கும்போது இராது. மேமின் செருகுநிரல் ஒன்று அந்த அறைகளைக் கோப்பில் சேமித்து மறுநாள் திரும்ப எழுதுகிறது. நானும் அதை இயக்கியே வைத்திருக்கிறேன். ஆனால் அது பொறியின் இயல்பன்று என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். அசல் பொறிகள் குறைந்துகொண்டே வருகின்றன. காப்காம் நிறுவனம் 1993 முதல் வெளியிட்ட 'சிபிஎஸ்-2' பலகைகளில், ஆணைகளைப் படிப்பதற்கான மறைகுறி ஒரு மின்கலத்தின் தயவில் இருந்தது. மின்கலம் தீர்ந்தால் மறைகுறி அழியும், பலகை ஊமையாகிவிடும். படக்குழாய்த் தொழிற்சாலைகளும் மூடப்பட்டுவிட்டன. நாளைய மாணவனுக்கு எமுலேட்டர் காட்டுவதே பாக்-மேன். அவன் பார்ப்பது 60.6 சட்டமா 60 சட்டமா என்பதை இன்று அமைப்புக் கோப்பில் நாம் எழுதும் ஓர் எண் முடிவு செய்கிறது.

தொடங்க விரும்புவோர் உரிமைச் சிக்கலின்றித் தொடங்கலாம். பெரும்பாலான ரோம்களுக்கு இன்றும் காப்புரிமை உண்டு. ஆனால் 'ராபி ரோட்டோ' (1981), உற்பத்திக்கே வராமல் போன 'கிரிட்லி' (1982) போன்ற சில ஆட்டங்களின் ரோம்கள், உரிமையாளரின் இசைவுடன், வணிகமல்லாத பயனுக்காக மேம் குழுவினரின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. 'ரோம்ஸ்' அடைவில் கோப்பை வையுங்கள். 5ஆம் எண் விசையை அழுத்தினால் காசு விழும், 1ஐ அழுத்தினால் ஆட்டம் தொடங்கும். முதல் நாள் எந்த உபரி வசதியும் இல்லாமல் ஆடுங்கள். மறுநாள் நினைவகத்தைத் தேடும் கருவியைத் திறந்து, உயிர்களின் எண்ணிக்கை எந்த அறையில் இருக்கிறது என்று பாருங்கள்.